டி206 பேஸ்பால் அட்டை: முனை தேய்ந்ததையே வாங்குங்கள்

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் தன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வழங்கிய, வெள்ளைக் கரையிட்ட பேஸ்பால் அட்டைகளை, பழைய அட்டைகளுக்கெல்லாம் பட்டியல் தொகுத்த ஜெஃபர்சன் பர்டிக் இட்ட குறியீட்டின்படி இன்றும் டி206 என்றே அழைக்கிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட இந்த வரிசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஹோனஸ் வாக்னர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் அரிய அட்டையும் அதன் விலையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. இங்கே நான் மதிப்பிடுவது, அதிகம் அறியப்படாத ஆட்டக்காரர் ஒருவரின் சாதாரண அட்டையை; நான்கு முனைகளும் மழுங்கி, குறுக்கே ஒரு மடிப்பு விழுந்து, அட்டைகளின் நிலையை மதிப்பிடும் நிறுவனம் இட்ட பத்துக்கு ஒன்று என்ற தரத்துடன் பிளாஸ்டிக் உறைக்குள் கிடைத்தது.

அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. ஆனாலும் வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்த அந்தக் கால லித்தோ (கல்லச்சு) அச்சின் செழுமை, நூறாண்டுகளுக்குப் பின்னும் கண்ணை நிறுத்துகிறது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், கீழே உள்ள பெயரின் பழுப்பு எழுத்துகள் மை சீராகப் படிந்து முழுமையாகத் தெரிகின்றன. பிற்கால மறுபதிப்புகளில் அதே எழுத்துகள் பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரிவது வழக்கம் என்பதால், வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பின்பக்கத்தில் நீல நிறத்தில் பீட்மான்ட் சிகரெட்டின் விளம்பரம். மொத்தம் 16 புகையிலை வணிகப் பெயர்களில் பீட்மான்டும் ஸ்வீட் கப்போரலும் தாராளமாகக் கிடைக்கின்றன; அதே ஆட்டக்காரரே அரிய பெயர் ஒன்றைப் பின்னால் சுமந்திருந்தால் விலை பல மடங்கு ஏறிவிடும். இந்த நுட்பம்தான் இந்த வரிசையை அள்ள அள்ளக் குறையாததாக வைத்திருக்கிறது என்பேன்.

தேய்ந்த அட்டையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் விலை மட்டுமன்று. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கிய, மிக உயர்ந்த தரம் பெற்ற புகழ்மிக்க வாக்னர் அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏலத் தொழிலில் பெரும்புள்ளியாக இருந்த பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். மாறாக, 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறிய வாக்னர் அட்டையின் தரம் பத்துக்கு இரண்டுதான். கத்தி போல் கூரிய முனையைக் கண்டால் மகிழ்வதற்கு முன் அளவைச் சரிபார்ப்பது நல்லது. பல கைகள் பட்டு இயல்பாக உருண்ட முனையில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

குறையும் உண்டு. விற்றவர் அனுப்பிய படத்தில் வெளிச்சம் கூட்டப்பட்டிருந்ததால், பின்பக்கத்தில் ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்தபோது காகிதம் உரிந்த இடம் எனக்குத் தெரியவில்லை. கையில் வந்த பிறகே தெரிந்தது. தரம் ஒன்றுக்கு இறங்கியதற்கு அதுவே முக்கியக் காரணமாக இருக்கும். ஆட்டக்காரரின் முகம் மாசின்றி இருப்பதால் எனக்கு வருத்தமில்லை. பின்பக்க விளம்பரங்களுக்காகவே சேர்ப்பவர்கள், வெளிச்சம் கூட்டாத பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.