இஞ்சிப் பியர்: பக்கற் ஈஸ்டா, இஞ்சி உறையா?

வீட்டில் இஞ்சிப் பியர் போட இரண்டு வழி. ஒன்று, பாணுக்குப் போடும் உடனடி ஈஸ்ட். மற்றது இஞ்சி உறை: இஞ்சித் தோலில் தானாகவே இருக்கும் ஈஸ்டைச் சீனி கொடுத்து வளர்த்தெடுப்பது. சுவையில் உறைதான் மேல். ஆனாலும் திருகோணமலை வெக்கையில் முதன்முதலாகப் போடுகிறவர் ஈஸ்டில் தொடங்குவதே நல்லது.

சாறு இரண்டுக்கும் ஒன்றுதான்: 2 லீற்றர் தண்ணீர், 200 கிராம் சீனி, 100 கிராம் இஞ்சி, இரண்டு தேசிக்காய். இஞ்சியை இடித்துச் சீனியும் தண்ணீரும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். வடித்து, நன்றாக ஆறிய பிறகு தேசிப்புளி விடுங்கள். நார் நிறைந்த உள்ளூர் இஞ்சியின் காரம் பருத்த இறக்குமதி இஞ்சியில் இல்லை; அதுதான் கிடைத்தால் 150 கிராம் போடுங்கள்.

ஈஸ்ட் கால் தேக்கரண்டி போதும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று, வீசும் மாதங்களில் அதிலும் பாதி. சூடு ஆறுமுன் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். கூடப் போட்டால் பியரில் பாண் மாவின் மணம் ஏறும். வெக்கை நாளில் 12 மணித்தியாலத்திலேயே காஸ் ஏறிவிடலாம், வாடைக் காலத்தில் ஒன்றரை நாள் வரை பிடிக்கும்.

உறைக்குப் பொறுமை வேண்டும். கொதித்தாறிய தண்ணீர் 250 மில்லிலீற்றர், தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. துணியால் மூடி, தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் போட்டுக் கிளறுங்கள். இந்த வெக்கைக்கு மூன்று நான்கு நாளில் நுரை கட்டி, காது வைத்தால் 'சிர்' என்று கேட்கும். ஒரு கிழமையாகியும் அசையாவிட்டால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டீர்களா, தோலைச் சீவினீர்களா என்று பாருங்கள். பூஞ்சணம் பிடித்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். தயாரான உறையில் 120 மில்லிலீற்றரை வடித்து 2 லீற்றர் சாறில் கலக்கலாம். மென்மையான புளிப்பும் ஆழமான இஞ்சி மணமும் வரும். பக்கற் ஈஸ்டில் அது கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு உறைக்கும் வேகம் வேறு. இத்தனை மணித்தியாலம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நிச்சயமின்மைதான் ஆபத்து. லீற்றருக்கு ஏறக்குறைய 15 கிராம் சீனி நொதித்தாலே சோடாவுக்குரிய காஸ் வந்துவிடும். நாம் போட்டிருப்பதோ லீற்றருக்கு 100 கிராம். இனிப்புக்காக மிஞ்சும் சீனியையும் ஈஸ்ட் விடாமல் தின்னும். பிரிட்ஜின் குளிர்தான் அதை அடக்கும். ஆகவே கண்ணாடிப் போத்தல் வேண்டாம், சாராயப் போத்தல் வேண்டவே வேண்டாம்: அவை காஸ் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல, வெடித்தால் கண் போகும். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் கழுத்தில் நான்கு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அமத்திப் பாருங்கள். விரலுக்கு அமுங்காமல் கல்லாக நின்றால் உடனே பிரிட்ஜுக்குள்.

அந்த நிலையில் ஏறக்குறைய 1 சதவீதம் மதுசாரம் இருக்கும். பிள்ளைகளுக்கோ மது தொடாதவர்களுக்கோ இதைக் கொடுக்காதீர்கள். வெளியே வைத்து மேலும் நொதிக்க விட்டால் மதுசாரம் ஏறிக்கொண்டே போகும்; உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இலங்கையில் குற்றம்.

பிரிட்ஜில் ஓர் இரவு வைத்து, பேசினுக்கு மேலே பிடித்து மூடியை மெல்ல மெல்லத் திருகித் திறவுங்கள். ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள்.