குச்சினுக்கு எந்தப் பூச்சு: மரப்பாலா, முந்திரி எண்ணெயா?

குச்சின் என்ற ஏழு தந்தி சீன வாத்தியத்தில், வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது. தந்தியை அழுத்தும் விரல், பலகைமேல் இருக்கும் பூச்சிலேயே வழுக்கிக்கொண்டு போகும். வாசிக்கும் தளமே அந்தப் பூச்சுதான். அதனால் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, மேலே பூசியிருப்பது என்ன என்பதை.

மூன்று விதம் கிடைக்கும்: மரப்பால், முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த பூச்சு, ரசாயன வார்னிஷ். வார்னிஷ் அடித்ததை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நாம் அரக்கு என்பது பூச்சி சுரக்கும் பிசின். மரப்பால் வேறு. ரப்பருக்குப் பால் வெட்டுவதுபோல, சீன அரக்கு மரத்தைக் கீறி எடுப்பது. நூறு லீ, அதாவது சுமார் ஐம்பது கிலோமீட்டர், நடந்து ஆயிரம் கீறல் போட்டால்தான் ஒரு ஜின், அதாவது அரைக் கிலோ, பால் கிடைக்கும் என்பது அங்கே வழக்கு. வெளிர் சாம்பலாக வடியும் பால், காற்றுப் பட்டதும் பழுப்பாகி அப்படியே கருத்துப்போகும்.

விசித்திரம் என்னவென்றால், இது வெயிலில் காயாது. பாலில் இருக்கும் நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். 70-80 சதவீத ஈரப்பதம், 20-30 டிகிரி வெப்பம் உள்ள அறையில் வைத்தால்தான் இறுகும். குச்சினுக்கு இன்னொரு படியும் உண்டு. மரப்பாலில் மான்கொம்புத் தூளைக் குழைத்து, முதலில் கொரகொரப்பாக, போகப்போக நைசாக, அடுக்கடுக்காகப் பூச வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் நன்றாக இறுகிய பிறகுதான் தேய்க்கலாம். ஒரு வாத்தியம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட வழியே இல்லை.

முந்திரிப் பூச்சு மரப்பாலுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு மரமும் மாமரக் குடும்பம்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கையைப் பொசுக்கும் அதே ஓட்டு எண்ணெய்தான் இதற்கு மூலம். பக்குவப்படுத்தி, கரைப்பான் ஊற்றி இளக்கிப் பூசினால் சாதாரண அறையிலேயே காய்ந்துவிடும். விலை குறைவு, பளபளப்பும் குறைவில்லை. பச்சை மரப்பால் பட்டால் பலருக்குத் தோல் தடித்துக் கொப்பளிக்கும். இதில் அந்தத் தொல்லை குறைவு. கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் இதை வாங்குவதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் ஆயுள் முழுக்க வைத்து வாசிக்க என்றால், சரி, காத்திருந்து மரப்பாலையே வாங்குங்கள் என்பேன். வருஷம் ஏற ஏற அது தெளிந்து, நிறம் உள்ளிருந்து எழும். நூற்றாண்டுகள் கடந்தால் வெடிப்பு விழும். பாம்பின் வயிற்று வரிபோல, மாட்டு முடிபோல, பிளம் பூப்போல என்று ஒவ்வொரு வகைக்கும் பெயர் வைத்து ரசிக்கிறார்கள். அந்த மதிப்புக்காகவே, வாத்தியத்தை நெருப்பில் காட்டிப் பனியை அப்பி வெடிக்க வைத்த மோசடியும் அந்தக் காலத்திலேயே உண்டு.

அப்புறம், மேலே மட்டும் மரப்பால் பூசி, அடியில் வேறு பசையைக் குழைத்து விற்பதும் நடக்கிறது. கடைக்காரரிடம் அடி அடுக்கில் மான்கொம்புத் தூளா என்று கட்டாயம் கேளுங்கள். மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள்; தின்னர் நெடி அடித்தால் அது மரப்பால் இல்லை.