வெளியிட 4,500 ரூபாய், திரும்பப் பெற 12,000 ரூபாய்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அவசரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஜிபேயைத் திறங்கள்.

2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில், முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டது. எனக்கு அதனால் பயனில்லை. நான் 2016 விதிப்படி பதிந்தவன். ஒரு கட்டுரையாவது வேண்டும். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம்: ‘யுஜிசி கேர் இதழ், 48 மணி நேரத்தில் ஏற்பு.’ கேர் என்பது யுஜிசி ஏற்றுக்கொண்டிருந்த ஆய்விதழ்களின் பட்டியல்.

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் (இதழ்களுக்குத் தரப்படும் அடையாள எண்) கேர் பட்டியலோடு ஒப்பிட்டேன். இரண்டும் சரியாக இருந்தன. இதழ் உண்மை, எண் உண்மை, இணையதளம் மட்டும் போலி. ஒரு பழைய அச்சு இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பணம் ஒரு தனிநபர் கணக்குக்குப் போனதைப் பார்த்தும் அனுப்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டாளர் கருத்து என்று ஒரு வரிகூட வரவில்லை. அட்டவணை 4 என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அதுவும் அப்படியே வெளியானது. நெறியாளர் சந்தேகப்பட்ட பிறகுதான் அசல் இதழுக்கு எழுதிக் கேட்டேன். “நாங்கள் அச்சில் மட்டும்தான் வருகிறோம், கட்டணமே வாங்குவதில்லை” என்று பதில் வந்தது.

சரி, 4,500 போனால் போகட்டும், கட்டுரையையாவது மீட்கலாம் என்று பார்த்தால், நீக்குவதற்கு 12,000 கேட்டார்கள். வில்லங்கம் இங்கேதான். கட்டுரை அங்கே இருக்கும்வரை வேறு எந்த நல்ல இதழுக்கு அனுப்பினாலும் இரட்டை வெளியீடு ஆகிவிடும். எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என் கட்டுரையை வைத்தே என்னைத் திருடன் என்று காட்டும். மூன்று ஆண்டு களப்பணி, ஐயா!

ஐஎஸ்எஸ்என் தளத்தில் எண்ணைப் போட்டால் அது அச்சு வடிவத்துக்கா, இணைய வடிவத்துக்கா என்று வரும். இரண்டுக்கும் தனித்தனி எண். அச்சுக்கான எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் மட்டும் வெளியிடுகிறவர்களிடம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். எண் இருப்பதாலேயே தரம் இருக்கிறது என்று பொருளும் இல்லை. பழைய இதழ் ஒன்றைக் கையில் எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். அப்புறம், கேர் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. இன்னமும் ‘கேர் இதழ்’ என்று கூவி அழைக்கிறவர்களை நம்பாதீர்கள்.

12,000 நான் கட்டவில்லை. நடந்ததை ஆதாரங்களோடு சொல்லி வேறொரு இதழின் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். கட்டுரை இன்னும் அந்தப் போலித் தளத்தில்தான் கிடக்கிறது, இரண்டு அட்டவணை 4களோடு.