ஃபில்லர் நெக் சீல்: 2 முறை மாற்றிய பிறகு 5 ஆண்டு அனுபவம்

ஃபுல் டேங்க் அடித்த அன்று மட்டும் காருக்குள் பெட்ரோல் நெடி வரும். இரண்டு நாள் ஓட்டினால் தானாகப் போய்விடும். மூடிதான் கெட்டுவிட்டது என்று புது மூடி வாங்கிப் போட்டேன், நெடி போகவில்லை. பலரும் தடுமாறுகிற இடம் இது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடியில் இருக்கும் ரப்பர் வேறு, பெட்ரோல் இறங்கும் குழாய் டேங்குக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சீல் வேறு. என் காரில் அந்தக் குழாய், அதாவது ஃபில்லர் நெக், பின்சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் இறங்கி, டேங்கின் பக்கவாட்டில் ஒரு தடித்த ரப்பர் வளையத்துக்குள் செருகி நிற்கிறது. வேறு சில கார்களில் வளையத்துக்குப் பதிலாக ரப்பர் ஹோஸும் இரண்டு கிளாம்புகளும் இருக்கும். அவற்றில் வேலை வேறு மாதிரி.

டேங்க் பாதி இருக்கும்போது பெட்ரோல் மட்டம் இந்த சீலுக்குக் கீழே நின்றுவிடும். நிரம்பினால்தான் அதை எட்டும், வளைவில் திரும்பினால் வந்து மோதும். அதனால்தான் ஃபுல் டேங்க் அன்று மட்டும் நெடி. இன்ஜின் விளக்கும் உடனே எரியவில்லை. பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று காரின் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் சோதனைதான் அந்த விளக்கை எரிய வைக்கும். பெரும்பாலான கார்களில் இந்த ஆவிக் கசிவுச் சோதனை, டேங்க் நிரம்பியிருக்கும்போதோ காலியாகப் போகும்போதோ ஓடாது. சில மாதம் கழித்து, டேங்க் பாதி இருக்கும்போதும் ஆவி தப்பிக்கும் அளவுக்கு சீல் கெட்ட பிறகுதான் விளக்கு வந்தது. ஸ்கேனரில் பி0442 என்று காட்டியது, சிறிய ஆவிக் கசிவு என்று அர்த்தம். உறுதி செய்துகொள்ள, ஃபுல் டேங்க் அடித்து, மறைப்பைக் கழற்றி, குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் கீழ்ப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

முதல் தடவை நான் செய்தது அரைகுறை வேலை. அளவு சரியாக இருந்த ஒரு சீலை வாங்கினேன், அது என்ன ரப்பர் என்று கேட்கவில்லை. பழைய சீலைக் கழற்றியபோது அதன் உள்விளிம்பு நகம் போல இறுகி, நெடுக வெடித்திருந்தது. குழாயில் சீல் உட்கார்ந்த இடத்தில் மோதிரம் போட்டது போலத் துரு வளையம். துணியால் துடைத்துவிட்டுப் புது சீலை ஏற்றினேன். அன்றைக்கு நெடி நின்றது. 14 மாதம் கழித்துத் திரும்ப வந்தது.

மறுபடி கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. புது சீல் ஊறி உப்பி, விளிம்பு தொளதொளவென்று கிடந்தது. உள்பக்கத்தில் மெல்லிய கீறல்கள், ஒவ்வொன்றும் குழாயின் துருவுக்கு நேர் எதிரே. குழாயின் மேல் விரல் நகத்தை ஓட்டினேன், நகம் மாட்டியது. துரு உலோகத்தைத் தின்று பள்ளமாக்கியிருந்தது. உப்புத்தாள் போட்டால் மேல் துரு போகும், பள்ளம் போகாது. அந்தப் பள்ளம் வழியாகப் பெட்ரோல் கசியும், எந்த சீல் போட்டாலும் சரி. ஆகவே இந்த முறை ஃபில்லர் நெக்கையே புதிதாக மாற்றினேன். சீலும் எஃப்கேஎம் ரப்பரில், வைட்டான் என்று சொல்வார்களே, அதில் தேடி வாங்கினேன். சாதாரண நைட்ரைல் ரப்பரும் பெட்ரோலைத் தாங்கும்தான், ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் எஃப்கேஎம் அளவுக்கு உப்பாமல் நிற்காது. ஈபிடிஎம் ரப்பரும் சிலிக்கான் ரப்பரும் பெட்ரோலுக்கு ஆகவே ஆகாது. கடையில் விற்கும் சிலிக்கான் பசையைக் கசிவின் மேல் அப்புவதும் அதே கதைதான், கொஞ்ச நாளில் உரிந்து வந்துவிடும்.

வேலையில் கஷ்டமான பகுதி குழாயை உருவுவதுதான். மூடிப் பக்கத்து ஸ்க்ரூக்கள், நடுவில் ஒரு போல்ட், கூடவே ஓடும் மெல்லிய காற்றுக் குழாய் எல்லாம் கழன்ற பிறகும் அது அசையாது. இழுக்காமல், இடமும் வலமுமாகத் திருகித் திருகி வெளியே கொண்டுவர வேண்டும். பழைய சீலை நெம்ப ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். டேங்கின் ஓட்டை விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் புது சீலும் அங்கே கசியும். பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். நெம்புவதற்கு முன் சுற்றியிருக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் விழும். புது சீலை முதலில் டேங்கில் உட்கார வைத்து, உள்விளிம்பில் சுத்தமான இன்ஜின் ஆயிலை விரல் நுனியால் லேசாகத் தடவி, குழாயை நேராக நுழைக்க வேண்டும். சாய்த்து நுழைத்தால் விளிம்பு உள்ளே மடங்கிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஃப்கேஎம் கொஞ்சம் விறைப்பான ரப்பர். ஒருவர் மேலே பிடித்துக்கொள்ள இன்னொருவர் கீழே அழுத்தித்தான் உள்ளே போனது.

பாதுகாப்பு பற்றி அழுத்திச் சொல்கிறேன். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். மூடிய ஷெட்டில், பள்ளத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைத் தொடவே கூடாது. திறந்த வெளியில், டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய பிறகு, மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். சூடாகும் பல்பு விளக்கு கிட்டத்தில் வேண்டாம். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் எதற்காவது வசதி இல்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதுதான் சரி, ஆனால் குழாயின் துருவை நகம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது 5 ஆண்டு, 62,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. நெடி இல்லை, விளக்கும் இந்த சீலால் வரவில்லை. மூன்றாவது ஆண்டில் ஒரு தடவை எரிந்தது. பார்த்தால் அந்த மெல்லிய காற்றுக் குழாயின் ரப்பர் முனை வெடித்திருந்தது. ஃபில்லர் நெக் மாற்றியபோதே அதையும் மாற்றியிருக்க வேண்டும். அது சின்னச் செலவு, அதற்காக எல்லாவற்றையும் இன்னொரு முறை கழற்ற வேண்டியதாயிற்று. அப்புறம், துருவுக்கு மூலகாரணம் மறைப்புக்குப் பின்னால் சேரும் ஈர மண். சக்கரம் அள்ளி வீசுகிற சேறு குழாயின் மேல் படிந்து மாதக்கணக்கில் காயாமல் கிடக்கும். வருடம் ஒரு முறை மறைப்பைக் கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறேன். பம்பில் துப்பாக்கி தானாக நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன், அந்தக் கடைசிப் பெட்ரோல் ஆவி பிடிக்கும் கரி டப்பாவுக்குப் போய் அதைக் கெடுக்கும்.

போன வாரம் கழுவியபோது பழையபடி ஃபுல் டேங்க் அடித்து டிஷ்யூ கட்டிப் பார்த்தேன். காலையில் எடுத்தபோது காய்ந்தே இருந்தது. மூக்கருகே வைத்தும் பார்த்தேன், மண் வாசனைதான் வந்தது.