வார்டா, வீடா?

தற்கொலைக்கு முயன்றவரை மதுரை ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவில் காப்பாற்றிவிட்டார்கள். அப்புறம்? மனநல வார்டில் சில நாள் இருப்பதா, உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ வீடு திரும்புவதா?

சாக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் விடவில்லை, குடி இருக்கிறது, கூட இருக்க ஆளில்லை என்றால் வார்டுதான். கண்காணிப்பு உண்டு, மருந்தும் சரியாகத் தொடங்கும். போலீஸ் விசாரிக்க வந்தாலும் பயப்படாதீர்கள். 2017 மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது.

எண்ணம் தணிந்து, டாக்டரும் சம்மதித்து, நம்பிக்கையான ஆளும் இருந்தால் வீடு நல்லது. ஆனால் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை, வார்டில் இருந்துவிட்டு வந்தாலும் சரி. இதை வீட்டாருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பூச்சிமருந்து வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கக் கூடாது. மாத்திரையை இன்னொருவர் வைத்திருந்து அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டும். மனசு மறுபடி கனத்தால் யாரிடம் பேசுவது என்று அவரோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். நடுராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம்.

எதுவானாலும், ஒரு வாரத்துக்குள் ரிவ்யூ தேதி வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.