தாடை அகலமாகத் தெரிய: தாடியா, சூயிங் கமா, ஊசியா, கத்தியா?

தாடை ஒடுங்கியிருக்கிறதே என்ற கவலை எனக்கு வந்ததே கைப்பேசியில் நானே எடுத்த ஒரு படத்தால்தான். அந்தப் படத்தையும் முழுசாக நம்பக்கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. 12 அங்குலத் தூரத்தில் எடுத்த முகப்படத்தில், 5 அடி தள்ளி எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. நடுமுகம் முன்னால் துருத்தினால் காதோரமும் தாடை முனையும் (மோவாய் இல்லை, காதுக்குக் கீழே தாடை எலும்பு திரும்பும் மூலை) பின்னுக்குப் போய்விடும். அதனால் முதலில் யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எனக்குப் பாதிக் குறை அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதி நிஜம்.

இருபது வயதை ஒட்டி ஆண்களின் தாடை எலும்பு வளர்ச்சி நின்றுவிடும். அதற்குப் பிறகு அகலம் வேண்டுமென்றால் எலும்பின் மேல் எதையாவது சேர்க்க வேண்டும்: தசை, முடி, ஃபில்லர் (ஊசியால் ஏற்றும் நிரப்பு மருந்து), இம்ப்ளாண்ட் (அறுவை செய்து எலும்பின் மேல் வைக்கும் செயற்கைத் துண்டு). நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைக்கும் 'மியூயிங்' வளர்ந்த ஆளின் எலும்பை அகலமாக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. செலவில்லாததால் நானும் சில மாதம் செய்தேன்; வாயை மூடி மூச்சு விடும் பழக்கம் மட்டும் மிச்சம். எலும்பைத் தட்டித் தட்டிப் பெரிதாக்கலாம் என்று சுற்றும் வீடியோக்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

மெல்லும் பயிற்சி கொஞ்சம் வேறு. கன்ன எலும்பிலிருந்து தாடை முனைக்கு இறங்கும் மாசிட்டர் தசை நிஜமாகவே பெருக்கும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குத் தாடை சதுரமாவதும், அதே தசையில் அதைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டால் முகம் மெலிவதும் இதனால்தான். எனவே கெட்டியான சூயிங் கம்மை தினமும் ஒரு மணி நேரம் மென்றேன். நான்கு மாதத்தில் பல்லை இறுக்கினால் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குத் தசை வந்தது. கூடவே வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தமும் காலையில் நெற்றிப்பொட்டு வலியும் வந்தன. தாடை மூட்டு தோள் மூட்டு மாதிரி இல்லை. பேச, சாப்பிட, கொட்டாவி விட என்று அதற்கு ஓய்வே கிடையாது. பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்க இரண்டு மாதம் ஆனது. தசை அதற்கு முன்பே வற்றிவிட்டது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. எந்த வழியானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு அகலம் கிடைக்கும் என்பதில்லை. விட்டுவிட்டால் என்ன ஆகும், வேண்டாம் என்று தோன்றினால் திரும்ப முடியுமா என்பதுதான்.

ஃபில்லரை அந்தக் கேள்வியோடு பாருங்கள். ஹயலுரானிக் அமிலத்தைத் தாடை முனையில் ஊசியால் ஏற்றுகிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தாடைக் கோட்டுக்கென்றே ஜுவடெர்ம் வாலக்ஸ் என்ற ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. எழுந்து வரும்போதே வித்தியாசம் தெரியும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆணின் தாடைக்கு ஒரு குழல் மருந்து போதாது. பல குழல்கள் வேண்டும். ஆக இது ஒரு முறை செலவு இல்லை, சந்தா. சந்தாவை நிறுத்தினால் பழைய முகம், அதுவும் புது முகம் பழகிப்போன கண்ணுக்கு. என் நண்பர் ஒருவர் இரண்டாவது முறையோடு நிறுத்திவிட்டு, 'முன்னாடி இருந்ததைவிட ஒல்லியாத் தெரியுதேடா' என்று புலம்பினார். நிஜத்தில் அப்படியொன்றும் இல்லை.

ஒரு நல்ல விஷயம், பிடிக்காவிட்டால் ஹயலுரோனிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். கால்சியம் வகை ஃபில்லருக்கு அந்த வசதி கிடையாது. மாசிட்டரின் முன் விளிம்பை ஒட்டி முகத்தின் முக்கிய ரத்தக்குழாய் தாடை எலும்பைக் கடக்கிறது. மருந்து அதற்குள் போய் அடைத்தால் தோல் கருகும். அரிதுதான், ஆனால் அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய் உட்காரும் வேலை இல்லை.

இம்ப்ளாண்ட்டில் எனக்கு அனுபவம் கிடையாது; படித்ததும் ஓர் அறுவை மருத்துவரிடம் கேட்டதும் மட்டுமே. அகலம் நிலையாக வருவது இதில்தான். தொற்று, கீழுதடு மரத்துப்போவது, வைத்தது நகர்ந்துவிடுவது, தசை விலகி மேலே சுருள்வது ஆகியவை இதன் ஆபத்துகள். நுண்துளை உள்ள பாலிஎத்திலீன் வகையில் திசு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்வதால் பிறகு எடுப்பது பெரும்பாடு. அந்த வகையில் திரும்பும் வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது.

எடையைக் குறைத்தால் தாடை அகலாது, கோடு மட்டும் தெரியும். எடை கூடுதலாக இருந்தால் மற்ற எதற்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

நான் நிலைத்தது தாடியில். சும்மா வளரவிட்ட தாடி முகத்தை நீட்டத்தான் செய்யும். அகலத்துக்கு வெட்டும் கணக்கே வேறு. கன்னத்தில் 3 மி.மீ., காதுக்குக் கீழே வரவர நீளம் கூடி தாடை முனையில் 9, மோவாயில் மறுபடி 6. முடி படிந்து கிடப்பதால் 9 மி.மீ. அகலம் முழுசாகக் கிடைக்காது. பாதி கிடைத்தாலும் கண் ஏமாறும். கிருதாவுக்கு மேலே தலைமுடியை ஒட்ட வெட்டினால் இன்னும் நல்லது. நெற்றிப்பக்கம் ஒடுங்க ஒடுங்க, கீழே அகலமாகத் தெரியும்.

எல்லாரும் தவறுவது கழுத்துக் கோட்டில். தாடை எலும்பை ஒட்டியே மழித்தால் அடிச்சதை அம்பலமாகி இரட்டைத் தாடை மாதிரி ஆகிவிடும். குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் விட்டு, அங்கிருந்து காதின் பின்பக்கம் வரை வளைவாக எடுக்க வேண்டும். நான் முதல் தடவை உயர்த்தி வெட்டிவிட்டு இரண்டு வாரம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அவ்வளவுதான் நஷ்டம். தாடி மாதத்துக்கு ஒரு செ.மீ. அளவுக்கு வளரும், எந்தத் தப்பும் ஆறு வாரத்தில் மறந்துபோகும்.

பராமரிப்பு என்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை பத்து நிமிடமும் ஒரு ட்ரிம்மரும். முதல் மூன்று வாரம் அரிப்பு படுத்தும், பொடுகும் வரலாம். தாடியே கூடாது என்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இது உதவாது.

தாடை முனையில் முடியே முளைக்காதவர்களுக்கும் உதவாது. சிலர் முடி வளர மினாக்ஸிடில் என்ற மருந்தைத் தடவுகிறார்கள். நான் தடவியதில்லை, எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, அந்த மருந்து பூனைக்கு விஷம். அப்படிப்பட்டவர் என்னிடம் கேட்டால், ஹயலுரானிக் அமில ஃபில்லரை ஒரே ஒரு முறை, குறைந்த அளவில் போட்டு, அது முழுசாகக் கரையும்வரை காத்திருந்து பார்க்கச் சொல்வேன். கரைந்த பிறகும் மனம் கேட்டால் அடுத்த ஊசி.