உப்புக்காற்றும் ஒரு மைக்கும் சந்திரபாபுவும்

வீட்டில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பதிவு செய்ய என்ன மைக் வாங்கலாம் என்று திருகோணமலைப் பொடியன்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் சில வருசமாக நான் பாவித்து வருகிற சாமான்களைப் பற்றி எழுதி வைக்கிறேன். பெரிய செட் இல்லை. ஷூர் எஸ்எம்58 மைக், அதை லேப்டொப்போடு இணைக்கிற ஒரு சின்ன யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், பழைய லேப்டொப், அதில் ரீப்பர் என்ற பதிவு செய்யும் மென்பொருள்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது கண்டென்சர் மைக், சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற வகை. சத்தம் அடைத்த ஸ்டூடியோவுக்கு அது அருமையான சாமான்தான், ஆனால் உப்புவெளியில் ஜன்னல் திறந்து கிடக்கிற அறையில் காகம், த்ரீவீல், பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் எல்லாம் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தென்னோலைச் சத்தம் என் குரலுக்கு முன்னால் நிற்கும். மாரியில் ஈரம் ஏறி இரைச்சல் வேறு. எஸ்எம்58 டைனமிக் மைக், கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸ் கொடுக்கிற 48 வோல்ட் மின்சாரம் இதற்குத் தேவையில்லை, பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகத்தான் எடுக்கும். ஆகவே மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்க வையுங்கள், நீங்களும் ஜன்னலைப் பார்த்து நின்று பாடுங்கள், உங்களுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். ரீப்பர் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு வாங்கத்தான் வேண்டும்.

சரி, இனி எனக்கு முக்கியமான விசயம். இந்தப் பாட்டு வேலையோடு சேர்த்து தமிழ்ப்பட நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபுவின் வாழ்க்கையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வந்தேன். இரவில் வாசிப்பது, வாசித்த பகுதியில் வருகிற வருசத்தில் அவர் பாடியதைத் தேடிக் கேட்பது, விடியக்காலையில் மைக்குக்கு முன்னால் நிற்பது. 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர், சின்ன வயதில் வருசக்கணக்காகக் கொழும்பில் வளர்ந்து அங்கேயே படித்தவர். 1947இல் முதல் படம். அப்புறமும் வாய்ப்புக் கிடைக்காத வேதனையில் உயிரை விடப் பார்த்தவர், 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று தானே ஒரு படம் இயக்கியவர், 1974இல் 46 வயதில் போய்விட்டார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்கும்போது அவருடைய யோடலிங் வேறு மாதிரி இருக்கிறது. யோடலிங் என்றால் குரலைச் சட்டென்று மாற்றி மாற்றிப் பாடுவது; நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்கு, அதாவது மெல்லிய உச்சக் குரலுக்கு, தாவுகிற அந்த உடைவை மற்றப் பாடகர்கள் வழுக்கிக்கொண்டு போய் மறைப்பார்கள். அவர் அதைத் தூக்கி முன்னால் வைக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அம்மாவுக்காகக் கிண்ணியாப் பாதையை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போன மிதவைப் படகை, பற்றி ஒரு பாட்டுச் செய்தேன். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் சனம் பாதையில்தான் கடந்தது, அக்கரையில் போய்விட்ட பாதையைக் கூப்பிடுகிற ஆளின் குரல் கடைசியில் கீச்சென்று உடையும் என்று அம்மா செய்து காட்டுவார். அந்த உடைவைத்தான் பல்லவியின் முடிவில் வைத்தேன். பிட்ச் திருத்தும் கருவி எதையும் தொடவில்லை. அம்மா கேட்டுவிட்டு, “தம்பி, அவன் இதைவிட இழுத்துக் கூப்பிடுவான்” என்றார், உடனே இன்னொரு டேக் எடுத்தோம், அது உண்மையிலேயே நன்றாக வந்தது.

இப்படிப் பாட விரும்புகிறவர்களுக்கு: குரல் தாவுகிற இடத்தில் லெவல் திடீரென்று ஏறும், ஆகவே சாதாரணமாகப் பாடும்போது ரீப்பர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி இன்டர்ஃபேஸின் கெயினை வையுங்கள். உரத்த சத்தத்தை அமுக்குகிற கம்ப்ரெஸரில் அட்டாக்கை, அதாவது அமுக்கத் தொடங்க எடுக்கிற நேரத்தை, கொஞ்சம் தாமதமாக விடுங்கள், இல்லாவிட்டால் உடைவின் கூர்மை மழுங்கிவிடும். மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் போடுங்கள், உடம்பு ஆட வேண்டும், சந்திரபாபு பாட்டில் ஆட்டமும் சேர்த்தே கேட்கிறது. சிரிப்புப் பாட்டென்றால் சொல் தெளிவாக விழ வேண்டும், பாடுவதற்கு முன் வரிகளைக் கதைக்கிற மாதிரி ஒருமுறை சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். கேபிள் முனைகளை மாதம் ஒருமுறையாவது துடையுங்கள், இங்கே உப்பு சீக்கிரம் பிடிக்கும், மைக்கைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.